தண்ணீர் கண்ணில் படாத வாஷிங் மெஷின்

கேள்வி: புதிதாக 7 கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின் வாங்கினோம். கண்ணாடி வழியே பார்த்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் தெரிகிறது. கறுப்புச் சுடிதாரில் வெள்ளைத் திட்டு வேறு. சோப்பு ட்ரே வழியாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றலாமா? எங்களுக்குப் போர் தண்ணீர்தான்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஊற்றிப் பயனில்லை. நீர்மட்டத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். முதலில் ஊற்றினால் குழாயில் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். மட்டம் மிஞ்சினால் பம்ப் ஓடி வெளியே தள்ளிவிடும். டாப் லோடில் துணி தண்ணீரில் நீந்துகிறது. இதிலோ டிரம் துணியை மேலே தூக்கித் தூக்கிப் போடுகிறது, துவைகல்லில் அடிப்பதுபோல. அதற்குத் துணி நன்றாக நனைந்தாலே போதும்.

திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பவுடர்தான். காய்ந்த துணியைத் தட்டினால் உதிர்கிறதா? அலசலில் போகாத பவுடர். வெள்ளை வினிகர் தொட்டால்தான் மறைகிறதா? உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. நுரை வரவில்லையே என்று போர் தண்ணீர்க்காரர்கள் பவுடரைக் கூட்டிக்கொண்டே போவார்கள். திட்டும் கூடவே வளரும். துவைத்த துணியைச் சோப்பே போடாமல் ‘ரின்ஸ்’ மட்டும் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் நுரை கட்டினால் இதுவரை அதிகம் போட்டிருக்கிறீர்கள்.

ஃப்ரன்ட் லோடுக்கான லிக்விடுக்கு மாறுங்கள். அளவுக்கு பாட்டில் மூடியில் உள்ள கோட்டைப் பாருங்கள். பாதி லோடுக்குப் பாதி. கறுப்புத் துணிக்கு ‘எக்ஸ்ட்ரா ரின்ஸ்’ பொத்தானை அழுத்திவிடுங்கள். விற்கிறவர்கள் சொல்ல மறக்கிற இன்னொன்று: 7 கிலோ கணக்கு காட்டன் புரோகிராமுக்கு மட்டும். 15 நிமிட வாஷுக்கு சுமார் 2 கிலோதான். துணிக்கு மேலே உள்ளங்கை நுழைய இடமிருக்க வேண்டும்.

கேள்வி: 1 மணி நேரம் என்று காட்டி 2 மணி நேரம் ஓடுகிறது. பழுதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: போர்வையை மட்டும் தனியாகப் போட்டீர்களா? அது ஒரு பக்கம் சுருண்டு நிற்கும். எடையைச் சமன்செய்ய மெஷின் ஸ்பின்னை நிறுத்தி நிறுத்தித் தொடங்கும். கூடவே இரண்டு டவல் போட்டால் சரியாகும். நுரை மிஞ்சினாலும் மெஷின் தானாகவே அலசலைக் கூட்டும்.

தண்ணீர் மெதுவாக வந்தாலும் நேரம் இழுக்கும். குழாயை மூடி, மெஷினின் பின்னால் இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். மெஷினில் ஹோஸ் பொருந்தும் வாய்க்குள் சிறு வலை ஒன்று இருக்கும். இடுக்கியால் மெல்ல இழுத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பொருத்துங்கள். வலை சுத்தமாக இருந்தும் மாறாவிட்டால் மாடித் தொட்டியின் உயரம் போதாமல் இருக்கலாம். 3 மீட்டர் உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல மெஷின்கள் கேட்பதே அதுதான். அதற்கும் கீழே என்றால் சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

கேள்வி: துவைத்த துணியிலும் வாடை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கதவு ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள், கறுப்புப் பூஞ்சை அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்து, கதவையும் சோப்பு ட்ரேயையும் லேசாகத் திறந்து வையுங்கள். எப்போதும் பச்சைத் தண்ணீரில் துவைப்பவர்கள் மாதம் ஒருமுறை காலி மெஷினை 60 டிகிரியில் ஓட்டுங்கள். முன்பக்கம் அடியில் உள்ள பம்ப் ஃபில்டரையும் கழுவுங்கள். திருகும் முன் தட்டு வைத்துவிடுங்கள். தண்ணீரோடு சில்லறையும் ஹேர்பின்னும் வந்து விழும்.