றிஹேர்சலும் பிறக்டிசும் ஒன்றா?

கேள்வி: பாடசாலை ஆங்கில தின நாடகத்துக்குப் பழகுகிறோம். ரீச்சர் அதை 'றிஹேர்சல்' என்கிறார். நான் டயறியில் 'கிரிக்கெட் றிஹேர்சல்' என்று எழுத, பிழை என்றாள் அக்கா. இரண்டும் பழகுவதுதானே?
– மாணவன், மூதூர்

பதில்: அக்கா சொன்னதுதான் சரி, தம்பி. பந்து வீசிப் பழகுவது பிறக்டிஸ். கைத்திறன் கூடவேண்டும், அவ்வளவுதான். றிஹேர்சலுக்கு முன்னால் ஒரு மேடை காத்திருக்க வேண்டும். இன்ன நாடகம், இன்ன நாள் என்று முடிவான பிறகு அதையே ஆடிப் பார்ப்பது அது. உடுப்பு, ஒப்பனை எல்லாவற்றோடும் ஆடினால் 'ட்றெஸ் றிஹேர்சல்'. தேவாலயப் பாடகர் குழுவுக்கு இரண்டு சொல்லும் புழங்கும்.

இந்தச் சொல் வயலிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் 'எர்ஸ்' என்பது உழுத மண்ணில் கட்டி உடைக்க இழுக்கும் பல்லுச் சட்டம். முன்னால் நிற்கும் 'றி', 'திரும்பவும்' என்று பொருள்படும். ஆங்கிலத்துக்கு வந்தபோது சொன்னதைத் திரும்பச் சொல்வதையே குறித்தது. நாடகத்துக்கு ஆனது 16ஆம் நூற்றாண்டில்.

நான் தம்பலகாமத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். அப்பா உழுது, மறுத்துழுது, பிறகு என்னை வெறுங்காலோடு வயலுக்குள் நடக்க விடுவார். "எங்க குத்துது, சொல்லு பிள்ளை" என்பார். நான் காட்டிய இடத்துக் கட்டியை மண்வெட்டிப் பிடங்கால் தட்டுவார். ஆங்கிலம் படிப்பித்த காலம் முழுவதும் இந்தச் சொல்லை அந்தக் கட்டிகளோடுதான் விளங்கப்படுத்தினேன். எந்த வசனத்தில் நாக்கு இடறுகிறது, யார் பிந்தி வருகிறார் என்று கண்டுபிடிக்கத்தானே றிஹேர்சல்!

பொதுத்தமிழில் 'ஒத்திகை' என்போம். எங்கள் கிழக்குக் கூத்தில் இன்னும் நுணுக்கமான சொற்கள் உண்டு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துப் பாட்டுக் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்'. அரங்கேற்றத்துக்கு முன் முழுக்கூத்தையும் ஆடிப் பார்ப்பது 'அடுக்குப் பார்த்தல்'. றிஹேர்சலுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. இந்தச் சொல் வழக்கொழிந்து போகக்கூடாது. உங்கள் ரீச்சரிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நேர்முகப் பரீட்சையில் ஒருவருடைய பதிலை 'றிஹேர்ஸ்ட்' என்றால் அது பாராட்டல்ல; பாடமாக்கி ஒப்பிக்கிறார் என்று அர்த்தம். பேச்சில் 'றிஹேர்சல் செய்தோம்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலக் கட்டுரையில் வினைச்சொல் தேவைப்பட்டால் கடைசி 'அல்' போய்விடும், 'றிஹேர்ஸ்' என்றே எழுத வேண்டும். விடைத்தாள்களில் நான் அதிகம் சிவப்புக் கோடு போட்டது அந்த இடத்தில்தான்.