சீலிட்ட கவர்

அன்புள்ள ஐயா,

மீடியாஒன் சேனல் வழக்கில் சேனலுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பற்றி நண்பர்களோடு பேச்சு வந்தது. நாட்டின் பாதுகாப்பு விஷயத்தில் உள்துறைக்குத் தெரியாததா நீதிபதிகளுக்குத் தெரிந்துவிடும்? எதற்கெடுத்தாலும் கோர்ட் தலையிட்டால் அரசு எப்படி நடக்கும்? கேபிள் கட்டணம் பற்றியும் எழுதுங்கள்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

கேபிள் கட்டணத்தை விடுங்கள், எங்கள் வீட்டில் டிவியே இல்லை.

தீர்ப்பைப் படிக்காமலே கோபப்பட்டிருக்கிறீர்கள். அந்த மலையாளச் சேனல் நல்லதா கெட்டதா என்று சொல்ல நீதிபதிகள் உட்காரவில்லை. 2022 ஜனவரி 31 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஏன்? உள்துறை பாதுகாப்புச் சான்று தரவில்லை. அது ஏன்? சொல்ல முடியாது. சேனல் வழக்குப் போட்டதும், காரணம் உள்ள கோப்பைக் கேரள உயர் நீதிமன்றத்தில் அரசு சீலிட்ட கவரில் நீட்டியது. தனி நீதிபதி படித்தார், பிறகு இரு நீதிபதி அமர்வும் படித்தது. அரசு செய்தது சரி என்றார்கள். படிக்காதவர் சேனல்காரர் ஒருவர்தான்.

எனக்கு இதில் பழைய கோபம் உண்டு. அப்பா மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்தார். ஒரு வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்று ஒற்றை வரியில் தாள் வந்தது. நானும் கூடப் போவேன். அந்த கிளார்க் எங்கள் கோப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் பேசுவார். அப்பா எத்தனை முறை போயும் அந்த முழங்கை நகரவில்லை. பொய்யாகவாவது ஒரு காரணம் எழுதியிருந்தால் மனுஷன் சண்டை போட்டிருப்பார். என்ன தப்பு செய்தோம் என்று கடைசிவரை தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். கடை போனதைவிட அதுதான் அவரை அரித்தது.

ரகசியமே கூடாதா என்பீர்கள். இருக்கட்டும். மறைக்க வேண்டிய வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாமே. தீர்ப்பும் அதற்கு வழி சொல்கிறது. கவரில் அப்படி என்ன இருந்தது? குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை, நீதித்துறையை எல்லாம் சேனல் விமர்சித்தது என்ற உளவுத்துறைக் குறிப்புகளும் அதில் இருந்தன. டிவியில் ஊரே பார்த்ததைப் பூட்டி வைத்து ரகசியம் என்றால் எப்படி? தேசப் பாதுகாப்பைக் காற்றிலிருந்து பிடுங்கி நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சந்திரசூட்டும் ஹிமா கோலியும் 2023 ஏப்ரல் 5 அன்று சொன்னார்கள். நான்கு வாரத்துக்குள் சேனலின் அனுமதியைப் புதுப்பிக்கவும் உத்தரவிட்டார்கள்.

உங்கள் மேல் வருத்தமில்லை, தம்பி. அப்பாவின் அந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.