கிராஃபீன்: வாசகர் கேள்வி - பதில்

கிராஃபீன் ஆக்சைடை ஒடுக்கி (ஆக்சிஜனை நீக்கி) சூப்பர் கெபாசிட்டர் (மின்னை வேகமாகச் சேமித்துத் தரும் சாதனம்) மின்முனை செய்கிறேன். கிராமுக்கு 2630 சதுர மீட்டர் பரப்பு என்று படித்தேன். எனக்கு 300-ஐத் தாண்டவில்லையே, ஏன்? (முதுகலை மாணவி, காரைக்குடி)

2630 என்பது தனித்து நிற்கும் ஒற்றை கிராஃபீன் தாளுக்கான, அதாவது ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளுக்கான கணக்கு. பொடியில் அது கிடைக்காது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராட்னி ரூஃப் குழுவினர் 2008-ல் ஹைட்ரசீனால் ஒடுக்கிச் செய்த கிராஃபீனுக்கே 705 தான். அதிலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கிராமுக்கு 135 ஃபாரட் (மின் சேமிப்புத் திறனின் அலகு) வந்தது.

ஒடுக்கும்போது ஆக்சிஜன் தொகுதிகள் போய்விடுவதால் தாள்கள் நீரில் பிரிந்து நிற்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. மிச்சத்தைக் கெடுப்பது உங்கள் சூட்டடுப்பாக இருக்கும். 80 டிகிரியில் வைத்தால், ஆவியாகும் நீரின் பரப்பு இழுவிசை தாள்களை நெருக்கி இறுக்கிவிடும். நனைந்த நோட்டுப் புத்தகம் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளுமே, அப்படித்தான். பிறகு மீயொலி அதிர்வில் வைத்தாலும் முழுசாகப் பிரியாது. ஆகவே கூழைக் காயவிடாமல் ஈரத்தோடே உறைய வைத்து, உறை உலர்த்தியில் (பனிக்கட்டியை நீராகாமல் நேரே ஆவியாக்கும் கருவி) போடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை: ஒடுக்காத ஆக்சைடின் எக்ஸ் கதிர் வரைபடத்தில் (தாமிரக் கதிர்) 10-11 டிகிரி கோணத்தில் சிகரம் இருக்க வேண்டும். 26.5-லும் கூர்மையாக ஒன்று தெரிந்தால் கிராஃபைட் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடையவில்லை. அப்படியானால் உலர்த்தியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபாரட் கணக்கை இரு மின்முனைக் கலத்தில் எடுங்கள். மூன்று மின்முனை அமைப்பு தரும் எண் பெரிதாகத்தான் இருக்கும், நம்பிவிடாதீர்கள்.

கிராஃபைட்டைக் கிராஃபீன் ஆக்சைடாக்கும் ஹம்மர்ஸ் முறையில் எங்கே ஆபத்து? (ஆய்வக உதவியாளர், மதுரை)

பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்க்கும் இடத்தில். 1 கிராம் கிராஃபைட், 23 மி.லி. அடர் கந்தக அமிலம், 3 கிராம் பெர்மாங்கனேட் என்ற அளவில், பனிக்கட்டித் தொட்டியில் 20 டிகிரிக்குள் வைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். அமிலத்தில் உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு 55 டிகிரி வாக்கில் வெடிக்கும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டக் கூடாது. பிறகு 35 டிகிரியில் 2 மணி நேரம் கலக்கி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அப்போதும் சூடு எகிறும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் மஞ்சளாகும்.

முதல் கழுவல் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், பிறகே தண்ணீரில். பொட்டாசியம் உப்பு தங்கிய ஆக்சைடு காய்ந்தபின் எளிதில் தீப்பற்றும்.

கிராஃபீன் சிலிக்கான் சில்லுக்கு மாற்றாகுமா? (வாசகர், சேலம்)

கணினிச் சில்லுக்கு இப்போதைக்கு இல்லை. கிராஃபீனில் பட்டை இடைவெளி (எலக்ட்ரான் ஓட்டத்தைத் தடுக்க உதவும் ஆற்றல் இடைவெளி) இல்லாததால் டிரான்சிஸ்டரை முழுதாக அணைக்க முடியாது. ஒடுக்கிய ஆக்சைடோ குறைபாடுகள் நிறைந்தது. கடத்தும் மை, வாயு உணரி, மின்முனை ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும்.