பிள்ளை இங்கே, தாய் தகப்பன் அங்கே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

யாழ்ப்பாணம் கச்சேரியடியில் (மாவட்டச் செயலகத்துப் பக்கம்) பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. பிறப்புச் சான்றிதழ், விதானையார் (கிராம அலுவலர்) கடிதம், நீதிமன்றக் கட்டளை என்று என் மேசைக்கு வருகிற ஃபைல்களில் பெரும்பாலானவை பிரிந்துபோன குடும்பங்களுடையவை. வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரையும் கேளுங்கள்.

கேள்வி (லண்டன்): அப்பா 1991இல் தனியாக வெளிநாடு போனார். நானும் அம்மாவும் வந்து சேர்ந்தது 1999இல். ஏன் எங்களையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்டால் அப்பா எழும்பிப் போய்விடுகிறார். உண்மையில் முடியாமல்தான் இருந்ததா?

தங்கச்சி, முடியாமல்தான் இருந்தது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடிப்போனது. ஆட்கள் கொம்படி, ஊரியான் பக்கம் தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து வன்னிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு கிளாலிக் கடல். இரவில், வெளிச்சமில்லாத வள்ளத்தில், கடற்படை எந்த நேரம் சுடும் என்று தெரியாத பயணம். கைக்குழந்தை அழுதால் வள்ளத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து.

பாதை மட்டும் தடையில்லை. புலிகளின் பகுதியை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கவேண்டும். திரும்பி வருவதற்குப் பிணையாக வீட்டார் ஒருவர் நிற்கவேண்டும். முழுக் குடும்பமாக வெளிக்கிட அந்த ஏற்பாடு விடவில்லை. கொழும்பு போய்ச் சேர்ந்தாலும் லொட்ஜ் அறை, பொலிஸ் பதிவு, இரவில் சுற்றிவளைப்பு. இளம் ஆண்களைத்தான் முதலில் பிடிப்பார்கள், அதனால்தான் அவர்களை முதலில் அனுப்பினார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கு ஒருவருக்குக் கட்டவே தாலிக்கொடியும் காணியும் போய்விடும். "முதல்ல நான் போறன், காட் கிடைச்சதும் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அநேகம்.

அந்தக் காட், அதாவது வதிவிட அனுமதி அட்டை, வர வருசக்கணக்கானது. இடையில் 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் சனம் முழுதும் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்கள் ஆளில்லாத வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்பாவின் பழைய பெட்டிக்குள் செஞ்சிலுவைக் கடிதத் தாள் இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். உறை இல்லாத திறந்த தாள். குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், சண்டை பற்றி ஒரு சொல் எழுதக்கூடாது. "நாங்கள் எல்லோரும் சுகம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள்" என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பதை விட்டு, அந்தத் தாளைக் காட்டி, இது வந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்பா இருந்து கதைக்கக்கூடும்.

கேள்வி (கொக்குவில்): மகளுக்குக் கனடாவில் அகதிக் கேஸ் வென்றுவிட்டது. பேத்தி என்னோடு இருக்கிறாள், 9 வயது. எப்படி அனுப்புவது?

அம்மா, மகள் நிரந்தர வதிவிடத்துக்குப் போடுகிற விண்ணப்பத்திலேயே பேத்தியின் பெயரையும் சேர்க்கலாம். பிறகு ஸ்பொன்சர் செய்யலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு, பிள்ளை போவதற்குத் தகப்பனின் எழுத்துமூலச் சம்மதம் ஆகியவை வேண்டும். தகப்பன் காணாமற்போனவர் என்றால் அதை வாயால் சொன்னால் போதாது. காணாமற்போனவர் என்பதற்குச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு 2016இல் சட்டமானது. "இறந்துவிட்டார்" என்று எழுத மனம் வராத குடும்பங்களுக்கு அதுதான் வழி. விண்ணப்பிக்கும்போது விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பிறப்புச் சான்றிதழை லமினேட் பண்ணிவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று செய்வதுதான், ஆனால் அத்தாட்சிப்படுத்தும் இடத்தில் திருப்பி அனுப்பினால் புதுப் பிரதி எடுக்கத் திரும்பவும் அலையவேண்டும்.

கேள்வி (பிராம்ப்டன்): 2012இல் கனடா வரும்போது ஏஜென்ட் சொன்னபடி ஊரில் இருக்கும் மகனைப் பற்றி எழுதவில்லை. இப்போது அவனை ஸ்பொன்சர் செய்யலாமா?

இதைப்போல மனதை வருத்தும் ஃபைல் வேறில்லை. நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் காட்டாத, அதனால் அதிகாரிகள் பரிசோதிக்காத பிள்ளையைப் பிறகு குடும்ப வகையில் கூப்பிட முடியாது என்பது கனடாவின் சட்டம். பெற்றோர் சொல்லாமல் விட்டதற்குப் பிள்ளை தண்டனை அனுபவிப்பது நியாயமில்லை என்று பலர் போராடியதில், 2019 செப்டம்பரில் ஒரு விலக்கு வந்தது. அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர்களும், கணவன் மனைவி அல்லது பிள்ளை என்ற முறையில் ஸ்பொன்சரில் வந்தவர்களும் அதில் அடங்குவர். மகனை அன்றைக்கே சொல்லியிருந்தாலும் உங்களுக்கு வதிவிடம் கிடைத்திருக்கும் என்பதைக் காட்டவேண்டும். விலக்கு இப்போதும் நடைமுறையில் இருக்கிறதா, உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் உடனே கேளுங்கள். பொருந்தாவிட்டாலும் மனிதாபிமான அடிப்படையில் கேட்கலாம்.

இனிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாள் நிரப்புகிற முதல் பத்திரத்தில் உங்கள் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் இருக்கவேண்டும். வேறு தாய்க்குப் பிறந்த பிள்ளை, அம்மம்மா வளர்க்கிற பிள்ளை, தொடர்பே இல்லாத பிள்ளை, யாராக இருந்தாலும் எழுதுங்கள். ஏஜென்ட் என்ன சொன்னாலும் எழுதுங்கள். அவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், வருசக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிள்ளை.

கேள்வி (சுன்னாகம்): மகன் 17 வயதில் தனியாக ஐரோப்பா போனான். அவன் எங்களைக் கூப்பிடலாமா?

எந்த நாடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப இணைவு விதிப்படி, தனியாக வந்து அகதியாக ஏற்கப்பட்ட 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தாய் தகப்பனைக் கூப்பிடலாம். கேஸ் முடியுமுன் 18 ஆகிவிட்டால்? தஞ்சம் கேட்ட நாளில் இருந்த வயதைத்தான் பார்க்கவேண்டும் என்று 2018 ஏப்ரலில் ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் அந்தஸ்து கிடைத்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அந்தத் தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பிரான்சில் வயது குறைந்த சகோதரங்களையும் பெற்றோரோடு சேர்த்துக் கூப்பிடலாம். ஜேர்மனியில் முழு அகதி அந்தஸ்து இல்லாமல் துணைப் பாதுகாப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு 2025 ஜூலையிலிருந்து இரண்டு வருசத்துக்குக் குடும்ப இணைவை நிறுத்தியிருக்கிறார்கள்.

பிரித்தானியாவில் அகதிப் பிள்ளை பெற்றோரைக் கூப்பிட விதி எப்போதுமே இடம் கொடுத்ததில்லை. 2025 செப்டம்பரில், பெரியவர்களான அகதிகள் குடும்பத்தைக் கூப்பிடப் போடும் புதிய விண்ணப்பங்களையும் நிறுத்தி வைத்தார்கள். கனடாவிலும் அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை தன் விண்ணப்பத்தில் தாய் தகப்பனைச் சேர்க்க முடியாது, மனிதாபிமான அடிப்படையில்தான் கேட்கலாம். பிள்ளை உரிமைச் சமவாயத்தின் 10ஆம் உறுப்புரை, குடும்பம் சேர்வதற்கான விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் பார்க்கவேண்டும் என்கிறது. இந்த நாடுகள் எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டவை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

கேள்வி (வட்டுக்கோட்டை): 21 வயது முடியப்போகிறது. 22 ஆனால் கனடாவுக்கு என் கேஸ் போய்விடுமா?

உங்களைக் கூப்பிடுகிற தாயோ தகப்பனோ அங்கே அகதிக் கேஸ் போட்டவர் என்றால், போட்ட நாளில் உங்களுக்கு 22 ஆகவில்லையென்றால் அந்த வயதே கணக்கு. சாதாரண ஸ்பொன்சர் என்றால் விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்த நாளின் வயது. திருமணப் பதிவை மட்டும் இப்போது செய்துவிடாதீர்கள், மணமானவர் பிள்ளைக் கணக்கில் வரமாட்டார்.

கேள்வி (கிளிநொச்சி): 2009இல் அக்காவும் அத்தானும் செல் (எறிகணை) விழுந்து இறந்தார்கள். அவர்களுடைய பிள்ளையை என் பிள்ளையாகவே வளர்க்கிறேன். இப்போது அவளுக்கு 17. கணவர் கனடாவில். டி.என்.ஏ. கேட்டால் என்ன செய்வது?

தங்கச்சி, அவளை உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சித்தியும் அம்மாதான் என்பது எங்களுக்குத் தெரியும். கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் எடுக்கிற மாதிரிக்கு அது தெரியாது. பொருந்தவில்லை என்று வந்தால் சொந்தப் பிள்ளைகளின் விண்ணப்பமும் சேர்ந்து விழும். உண்மையை எழுதி, அக்கா அத்தானின் மரணச் சான்றிதழ்கள், நீதிமன்றப் பாதுகாவலர் கட்டளை, அவள் படித்த பள்ளிக்கூடக் கடிதங்கள் ஆகியவற்றை இணையுங்கள். தாயும் தகப்பனும் இறந்த, 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத சகோதரம், சகோதரத்தின் பிள்ளை, பேரப்பிள்ளை ஆகியோரை ஸ்பொன்சர் செய்யக் கனடாவில் தனி வகையே உண்டு. அது இரத்த உறவுக்கு என்பதால் உங்கள் கணவர் அந்த வகையில் போட முடியாது, கனடாவில் உங்கள் சகோதரம் யாராவது இருந்தால் அவர் போடலாம். 18 ஆக முன் போகவேண்டும், ஆகவே இந்தக் கிழமையே தொடங்குங்கள்.

கேள்வி (திருவண்ணாமலை முகாம்): அம்மா 1990இல் பேசாலையிலிருந்து வள்ளத்தில் வந்தவர். நான் இங்கே பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் அண்ணன் இருக்கிறான். நான் எந்த நாட்டுப் பிள்ளை?

தமிழ்நாட்டில் எடுத்த பிறப்புச் சான்றிதழை வைத்துச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடியுரிமைப் பதிவு செய்யவேண்டும். காலம் கடந்திருந்தாலும் செய்யலாம். அம்மாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் அண்ணன் இங்கே பிரதி எடுக்கலாம். பதிவேடே அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். முகாம்களில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த வேலையில் நீண்டகாலப் பழக்கமுள்ளது, அவர்களிடம் போங்கள்.

கேள்வி (சூரிச்): ஆறு வருசத்துக்குப் பிறகு மகன் வந்து சேர்ந்தான். 10 வயது. என்னை "அப்பா" என்று கூப்பிடுகிறானே தவிர, பக்கத்தில் வரமாட்டான். இரவில் அப்பம்மாவுக்கு வட்ஸ்அப் எடுத்து அழுகிறான்.

தம்பி, அந்தப் போனைப் பறிக்காதீர்கள். உங்களிடம் வந்ததில் அவன் தன்னை வளர்த்தவரை விட்டு வந்திருக்கிறான், அவனுக்கு அது இன்னொரு பிரிவு. அப்பம்மாவோடு கதைக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து, சாப்பிட்டாச்சா என்று அவரிடம் விசாரியுங்கள். உங்களுக்காகப் பட்ட கஷ்டத்தை அவனிடம் இப்போது சொல்லவேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு விட்டுவருவதைச் சில மாதத்துக்காவது நீங்களே செய்யுங்கள். அப்பம்மாவைப் பார்க்க எப்போது ஊருக்குப் போவோம் என்று கேட்டால், ரிக்கெட் எடுக்கக்கூடிய மாதத்தைச் சொல்லுங்கள். உங்கள் வதிவிட அனுமதியில் ஊருக்குப் போக முடியாதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.