குண்டாகவும் கே-வாகவும் இருப்பது இரட்டைச் சுமையா?

இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட முடியாது. என் விஷயத்தில் ஒன்று இன்னொன்றை மறைத்தது.

நான் நூறு கிலோவைத் தாண்டியவன். கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண், என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் நிலை வராமல் என் தொப்பையே பார்த்துக்கொண்டது. முப்பது தாண்டியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொள்வார்: "உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும்னு பாக்குறோம்." உடனே சித்தி, இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஆரம்பிப்பார். நான் தலையாட்டிவிட்டு இன்னொரு பூரி வைத்துக்கொள்வேன். நடுவில் டெங்கு வந்து நன்றாக இளைத்துவிட்டேன். அடுத்த மாதமே தரகர் ஜாதகக் கட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்! எடையைக் குறைக்க எனக்கு மனசு வராததற்கு இதுவும் ஒரு காரணம். டயட் சார்ட் கொடுக்கும் டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

வீட்டில் என்னைக் காப்பாற்றுகிற அதே தொப்பைதான் கே ஆண்கள் துணை தேடும் டேட்டிங் ஆப்பில் என்னை மாட்டிவிடுகிறது. 'நோ ஃபேட்ஸ், நோ ஃபெம்ஸ்' (குண்டர்கள் வேண்டாம், நளினமானவர்கள் வேண்டாம்) என்று புரொஃபைலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஒல்லியாக இருந்தும் நளினமாக நடப்பவருக்கும் இதே கதிதான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து உறவு கொள்வது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தைத் தீர்ப்பு தீர்க்கவில்லை. அதனால் நிறையப் பேர் கழுத்துக்குக் கீழேதான் படம் போடுகிறார்கள். முகத்தை மறைக்கிற இடத்தில் உடம்பை வைத்துத்தானே ஆளை எடைபோடுவார்கள்? நான் முகத்தைப் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும், உடம்பைப் போட்டால் பிளாக்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் இல்லை. 1976இலேயே சான்பிரான்சிஸ்கோவில் குண்டான கே ஆண்களுக்காக 'கர்த் அண்ட் மிர்த்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 80களில் அதே ஊரில் 'பேர்' (bear, கரடி) என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், பருத்த, ரோமம் அடர்ந்த கே ஆண்களின் வட்டம் வளர்ந்தது. இப்போது இங்கேயும் தங்களை 'பேர்' என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. என் பார்வையில் அங்கேயும் தாடிக்கும் அகன்ற தோளுக்கும்தான் மவுசு. தொளதொளவென்று இருப்பவன் ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

அப்புறம், "குண்டுப் பசங்களைத்தான் பிடிக்கும்" என்று தேடி வருபவர்கள். ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருவர் நள்ளிரவில் உருகி உருகி எழுதுவார், காபி குடிக்கலாமா என்றால், "வெளியில வேண்டாமே, யாராவது பார்த்தா..." என்பார். ஆணோடு பார்த்துவிடுவார்கள் என்ற பயமா, இப்படி ஒரு ஆணோடு பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கமா? நான் கேட்கவில்லை. வெறுமனே பிளாக் செய்பவர் எவ்வளவோ மேல்.

இப்போதெல்லாம் எடையை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அங்கேயே காணாமல் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் "இடம் இருக்கா?" (தனியாகச் சந்திக்கத்தான்) என்பதற்கு முன்னால் "சாப்டீங்களா?" என்று கேட்பவருக்கு மட்டும் நம்பர் தருகிறேன்.