அமெரிக்கர்கள் ஏன் கிளம்புகிறார்கள்?

கேள்வி: உலகமே அமெரிக்காவுக்குப் போகத் துடிக்கிறது. என் மகனும் விசாவுக்காக அலைந்துகொண்டிருக்கிறான். ஆனால் அங்கேயே பிறந்து, அந்தக் குடியுரிமையைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலர் 'நல்ல வாழ்க்கை தேடி' போர்ச்சுகலுக்கும் மெக்சிகோவுக்கும் குடிபோகிறார்கள் என்று படித்தேன். இது வசதி மிஞ்சிப்போன திமிர்தானே?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: திமிர் இல்லை ஐயா. பெரும்பாலும் வரவுசெலவுக் கணக்கு. உங்கள் மகன் சம்பளத்தைப் பார்த்து அங்கே போக நினைக்கிறார். அங்கிருந்து கிளம்புகிறவர்கள், மருத்துவத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் முதுமைக்கும் கொடுத்தது போக அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள்.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. வேலை போனால் காப்பீடும் போகும். பொதுவாக 18 மாதம் வரை அதைத் தொடர சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதுவரை நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து அவரே கட்ட வேண்டும். அதாவது, சம்பளம் நின்றுபோன மாதத்தில்தான் பிரீமியம் பல மடங்கு ஏறுகிறது. காப்பீடு இருந்தாலும், ஒவ்வொரு ஆண்டும் முதல் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் பெரும்பாலும் கைக்காசுதான். அதற்கு மேல்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்கும். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவாகிற தேசம் அது. அப்படியும் 2023-இல் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78.4 ஆண்டுதான். அமெரிக்காவின் தலா வருமானத்தில் பாதிகூட இல்லாத போர்ச்சுகலில் அது 81-ஐத் தாண்டிவிட்டது.

இதில் அதிகம் அடிபடுவது அறுபதை ஒட்டியவர்கள். அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை 62 வயதிலேயே வாங்கலாம். ஆனால் 1960-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் அப்படி வாங்கினால், 67 வயதில் கிடைக்க வேண்டிய தொகையில் 30 சதவீதம் வெட்டு விழும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரோ 65 வயதில்தான். ஐம்பத்தெட்டு வயதில் வேலையை இழந்து, அதன் பிறகு யாரும் வேலை தராமல், 62-இல் வெட்டுப்பட்ட ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு, 65 வரை உடம்புக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று பயந்தபடி இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்த ஓய்வூதியத்தை மெக்சிகோவுக்கும் அனுப்பி வைப்பார்கள். சபாலா ஏரிக்கரையிலோ சான் மிகேல் தெ அயெந்தேயிலோ அந்தப் பணத்தில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, உள்ளூர் டாக்டருக்குக் கைக்காசு கொடுத்தே வைத்தியமும் பார்த்துக்கொள்ள முடிகிறது. இவரைப் பார்த்துத் திமிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இளம் வயதினரின் காரணம் வேறு. பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் தருகிறது. அதுவும் சம்பளம் இல்லாமல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தாங்களாகவே ஏற்பாடு செய்திருக்கின்றன. நம் நாட்டில் 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. (வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் நம் பெண்களுக்கு அது இன்னும் எட்டவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.) பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு பயம். 2020 முதல் அங்கே குழந்தைகள், பதின்வயதினர் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது. துப்பாக்கிக்காரன் உள்ளே வந்தால் எங்கே ஒளிவது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் பயிற்சி கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு ஒரு தாய் பெட்டியைக் கட்டினால், அவளிடம் காரணம் கேட்கத் தேவையில்லை.

கறுப்பின அமெரிக்கர்களின் கதை இதைவிடப் பழையது, கசப்பும் கூடியது. செயின்ட் லூயிஸில் பிறந்த நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் 1925-இல், 19 வயதில், பாரிஸுக்குப் போனார். சொந்த நாட்டில் ஹோட்டல் வாசலில் நிறுத்தப்பட்டவரை அந்த நகரம் கொண்டாடியது. 1937-இல் பிரெஞ்சுக் குடிமகளானார், போரில் பிரான்சுக்காக உளவு வேலை பார்த்தார், 2021-இல் பிரான்சின் பெருமக்கள் நினைவிடமான பாந்தியோனில் இடம் பெற்றார். கறுப்பின உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய டு பாய்ஸ் 90 வயதைத் தாண்டி, 1961-இல் கானாவுக்குக் குடிபோய் அங்கேயே 1963-இல் இறந்தார். அந்தப் பாதை இன்னும் மூடவில்லை. 2024 நவம்பரில் கானா 524 பேருக்குக் குடியுரிமை கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர்கள். சாலையில் போலீஸ் வண்டியைப் பார்த்தால் நெஞ்சு படபடக்காத ஊரில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பலரின் முதல் தேவை.

அரசியல் காரணமும் உண்டு. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் 2025-இல் கனடாவின் டொரொன்டோவுக்கு மாறியதைப் பார்த்தோம். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் 'நாட்டை விட்டே போகிறேன்' என்பவர்களில் பெரும்பாலோர் எங்கும் போவதில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, போகிறவர்கள் பக்கமே நியாயம் முழுவதும் இருக்கிறதா? இல்லை. போர்ச்சுகலின் டி-7 விசாவுக்கு, வேலை பார்க்காமலே வரும் மாத வருமானம் 2025-இல் 870 யூரோ காட்டினால் போதுமாக இருந்தது. ஓர் அமெரிக்க ஓய்வூதியக்காரருக்கு அது எளிது. அதே 870 யூரோதான் அந்த ஆண்டு அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமாக இருந்தது. ஒரு மாதம் முழுக்க உழைத்து அதை வாங்கும் லிஸ்பன் தொழிலாளிக்கு, அந்த ஊரில் ஒரு படுக்கையறை வீடு அந்தப் பணத்தில் கிடைக்காது. டாலர்க்காரர்கள் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். சுற்றுலா வாடகை வீடுகளும் வீட்டுமனை வியாபாரிகளும் பெரிய பங்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் 2025 ஜூலை 4 அன்று மெக்சிகோ நகரத்தில் ரோமா, கொன்தேசா பகுதிகளில் மக்கள் தெருவுக்கு வந்து கத்தியது இந்த வாடகைக்காகத்தான். தன் நாட்டில் வீட்டு வாடகை கட்ட முடியாமல் வந்த ஒருவர், இங்கே இன்னொருவர் வாடகை கட்ட முடியாமல் போக ஒரு காரணமாகிறார். அதை அவர் உணர வேண்டும்.

இன்னொன்று. மிகவும் நொந்துபோன அமெரிக்கர் கிளம்புவதே இல்லை. அவரிடம் ஓய்வூதியமும் இல்லை, வீட்டிலிருந்தே பார்க்கும் கணினி வேலையும் இல்லை; கல்விக் கடன் மட்டும் இருக்கிறது. கிளம்பியவரையும் நாடு விடுவதில்லை. எங்கே வாழ்ந்தாலும் குடிமக்கள் ஆண்டுதோறும் வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உலகத்தில் மிகச் சிலதான்; அமெரிக்கா அவற்றில் ஒன்று. அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்க வரித்துறைக்குத் தர வேண்டும் என்று 2010-இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கர் என்றாலே கணக்குத் தொடங்கத் தயங்கும் ஐரோப்பிய வங்கிகள் உண்டு.

உங்கள் மகன் போகட்டும், நான் தடுக்கவில்லை. வேலை உத்தரவு வந்தால் சம்பளத் தொகையோடு நிறுத்தாமல் மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: காப்பீட்டு பிரீமியத்தில் அவர் பங்கு எவ்வளவு, ஆண்டுக்கு முதலில் எவ்வளவு கைக்காசு போடவேண்டும், சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு. அப்புறம், எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.