தொழில் வரி: 14,000 சம்பளத்துக்கும் 5 லட்சத்துக்கும் ஒரே தொகை!

எனக்கு மாதம் 14,000 ரூபாய் சம்பளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி என்று 1,250 பிடிக்கிறார்கள். எங்கள் கம்பெனி ஜி.எம்.முக்கும் அதே 1,250தானாம். இது என்ன கணக்கு?
- வாசகர், அம்பத்தூர்

கணக்கு சரி, நியாயம்தான் இடிக்கிறது. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் தொழில் வரி 1,250, அதற்கு மேல் படியே கிடையாது. நீங்கள் 84,000க்கு 1,250 கட்டுகிறீர்கள், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம். ஜி.எம். மாதம் 5 லட்சம் வாங்குகிறார் என்று வையுங்கள், அவருடைய 30 லட்சத்துக்கும் அதே 1,250, சதவீதம் போட்டால் 0.04 வருகிறது.

இதற்கு மாநகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவே சொல்கிறது. 250ஆக இருந்த உச்சவரம்பை 1988இல் 2,500 ஆக்கினார்கள், அதோடு சரி, அப்புறம் யாரும் தொடவில்லை. அன்றைக்கு அது பெரிய சம்பளக்காரர் கட்டும் தொகை. விலைவாசியோடு சம்பளமும் ஏறியதில் இன்று கடைநிலை ஊழியரும் அந்த உச்சிக்கே வந்துவிட்டார். சரி, 2024இல் சென்னையில் இந்த வரியைக் கூட்டினார்களே, யாருக்குக் கூடியது தெரியுமா? அரையாண்டுக்கு 21,000 முதல் 60,000 வரை சம்பாதிப்பவர்களுக்கு! மாதம் 4,000 ரூபாய் வருமானம் உள்ளவருக்கு 135ஆக இருந்தது 180 ஆனது, ஜி.எம்.முக்கு ஒரு பைசா ஏறவில்லை. மேலே கூட்டத்தான் நாடாளுமன்றம் வேண்டும், கீழ்ப்படிகளைத் தள்ளுபடி செய்ய மாநில அரசு மனது வைத்தால் போதும்.

12 லட்சம் வரை வருமான வரி இல்லை, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை இல்லை என்றாகிவிட்டதே, இன்னும் ஏன் புலம்பல்?
- வாசகர், காரைக்குடி

அது நல்ல சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் அம்பத்தூர்க்காரர் அதற்கு முன்பும் வருமான வரி கட்டும் நிலையில் இல்லையே! அவர் கட்டுவதெல்லாம் கடையில். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதம் ஆனது, அதுதான் அவருக்கு எட்டிய வரிக்குறைப்பு (கடையில் விலையைக் குறைத்திருந்தால்). போன் ரீசார்ஜுக்கு இன்னும் 18.

மகளுக்கு ஐ.டி. கம்பெனியில் ஆண்டுக்கு 30 லட்சம். வேலையை விட்டுவிட்டு அதே வேலையைக் கன்சல்டன்டாகச் செய்தால் வரி பாதிகூட வராது என்கிறாள். உண்மையா?
- வாசகி, கோவை

உண்மை, அதுதான் வேடிக்கை. புதிய வரி முறையில் சம்பளத்துக்கு நிலைக்கழிவு (வரி கணக்கிடும் முன் கழித்துக்கொள்ளும் தொகை) 75,000 மட்டும். மீதி 29.25 லட்சத்துக்கு, வரி மேல் போடும் செஸ்ஸோடு, 4,75,800 ரூபாய் வரி. தொழில்நுட்ப ஆலோசகர் என்றால் உத்தேச வருமானத் திட்டத்தில் வரவில் பாதியைச் செலவாக எடுத்துக்கொண்டு, ஒரு பில்கூடக் காட்டாமல், 15 லட்சத்துக்கு வரி கட்டினால் போதும், 1,09,200 ரூபாய். வாடகை, நர்ஸ் சம்பளம் என்று செலவழிக்கும் டாக்டருக்கு இந்தச் சலுகை பொருந்தும், லேப்டாப் மட்டும் வைத்திருப்பவருக்கு ஏன் பாதி என்று எனக்கும் விளங்கவில்லை. சம்பளக்காரருக்கும் இத்தனை சதவீதம் என்று கழிவு தரலாம். 2005 பட்ஜெட்டில் நீக்கும் முன் ஓர் உச்சவரம்போடு அப்படித்தான் இருந்தது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: கன்சல்டன்டுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, பிரசவ விடுப்பு எதுவும் கிடையாது, வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். இதையெல்லாம் ரூபாயாகப் போட்டுப் பார்த்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதட்டும்.